ஆறாம் நம்பர் வழி கிளியர்

மதியம் கொழுந்து எடை போடுகிற இடத்தில் வரிசையில் நிற்கும்போதுதான், இடுப்பில் செருகியிருந்த போன் சுடுவதைக் கத்தரீனாள் கவனித்தாள். விடிந்ததிலிருந்து ஊசி ஊசியாய் மழை. தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட்டிலிருந்து தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி முதுகெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது. உடம்பில் ஒரேயொரு இடம் மட்டும், போன் இருந்த அந்த உள்ளங்கை அகலம் மட்டும், அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரத்தைத் தொட்டதுபோல் கொதித்தது. காலையிலிருந்து அவள் அதை ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை.

எடுத்து, சுற்றியிருந்த பால் கவரைப் பிரித்துப் பார்த்தாள். காலையில் நூறு காட்டிய சார்ஜ் முப்பத்தொன்றில் நின்றது. திரையின் மேல் மூலையில் கடுகளவு பச்சைப் புள்ளி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது.

"என்ன கத்தரி, காலையிலேயே குரூப்புல இருமிப் போட்டிருக்க. சளிக்கு மருந்து கேக்கியோ?" என்று பின்னால் நின்ற ராமுத்தாய் கேட்டாள். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

ராமுத்தாய் தன் போனில் அதைப் போட்டுக் காட்டினாள். கத்தரீனாள் நம்பரிலிருந்து, ஒன்பதே காலுக்கு, பதினோரு விநாடி வாய்ஸ். தேயிலைச் செடியில் கத்திரி ஓடுகிற சரக் சரக். பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் மழை. ஒரு இருமல். அது அவளுடைய இருமல்தான். கடைசியில், காதுக்கு மிக அருகில், யாரோ பேச வாயெடுக்கிறமாதிரி மூச்சை இழுத்தார்கள். அதோடு முடிந்துவிட்டது. கை பட்டுப் போயிருக்கும் என்று கத்தரீனாளும் சேர்ந்து சிரித்தாள். கவரில் சுற்றி இடுப்பில் கிடந்த போனில் யாருடைய கை பட்டிருக்கும் என்ற கேள்வியை அவள் தனக்குள்ளேயே அமுக்கிவிட்டாள்.

அந்த வாட்ஸ்அப் குரூப்புக்கு 'மூணாம் டிவிசன் பெரியவர்' என்று பெயர். இந்த மலையில் யானையை யானை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்று பயம். அதனால் பெரியவர். பெரியவர் எந்தக் காட்டில் நிற்கிறார், எந்த வழி கிளியர் என்று தெரியாமல் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்து ஒருவரும் வாசலைத் தாண்டுவதில்லை. குரூப்பை நடத்துகிறவர் பவுல்ராஜ், எஸ்டேட் வாட்ச்மேன்.

குரூப்பில் எழுத்துக்கு இடமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கத்தரீனாளின் புருஷன் இன்னாசிராஜ் ஃபாக்டரியிலிருந்து வரும்போது, 'பெரியவர் மேற்கே இறங்கிவிட்டார், ஆறாம் நம்பர் வழி கிளியர்' என்று போனில் வந்திருந்ததைப் படித்துவிட்டுக் குறுக்கு வழியில் இறங்கினார். அது முந்தின நாள் செய்தி. யாரோ விவரமில்லாமல் மறுபடி தட்டிவிட்டிருந்தார்கள். அவருடைய டிபன் கேரியர் தகடுபோலத் தட்டையாகக் கிடைத்தது. மற்றதைப் பார்க்கக் கத்தரீனாளை விடவில்லை. அடக்கம் முடிந்த அன்று பவுல்ராஜ் லயத்து முற்றத்தில் எல்லோரையும் கூட்டிச் சொன்னார், இனிமேல் எழுத்தை யாரும் நம்பக் கூடாது, தெரிந்த ஆளின் குரல் வந்தால்தான் வழி கிளியர் என்று. பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது, பிள்ளைகளுக்கு மலையாளம்தான் படிக்க வரும். அதனால் எல்லோருக்கும் அது சௌகரியமாகவும் இருந்தது. அன்றிலிருந்து குரல்தான் சட்டம்.

இப்போது வீட்டில் கத்தரீனாளுக்கு இருப்பது நிமி ஒருத்திதான். டவுன் காலேஜில் முதல் வருஷம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினால், ஏசுதாஸ் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வாள். அம்மாவின் குரல் வந்தபிறகுதான் எழுந்திருப்பாள். ஜீப் ரோடு என்றால் ஜீப் ரோடு, ஆறாம் நம்பர் என்றால் ஆறாம் நம்பர். ஒருநாளும் மாறியதில்லை. அந்த ஒழுங்கைப் பார்த்துக் கத்தரீனாளுக்குள்ளே பெருமை. புருஷனைக் கொடுத்தவள் பிள்ளையைக் கொடுக்கமாட்டாள் என்று எல்லோரும் சொல்வார்கள்.

போன வாரம் வியாழக்கிழமை குரூப்பில் ஒரு ஃபைல் வந்தது. பவுல்ராஜ் நம்பரிலிருந்துதான் வந்தது. பெரியவர் நிற்கிற இடத்தை மேப்பில் காட்டும் ஆப் என்று இருந்தது. லயத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஏற்றும்போது போன் சிவப்பில் ஏதோ சொன்னது. இது ஆபத்தாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கும். இங்கே எதுதான் ஆபத்தில்லை. மைக்குக்கு அனுமதி கேட்டது, பேருக்கும் நம்பருக்கும் கேட்டது, இன்னும் என்னென்னவோ கேட்டது. கேட்டதுக்கெல்லாம் கத்தரீனாள் சரி சரி என்று அமுக்கினாள். மேப் வந்தது. அதில் பெரியவர் வரவேயில்லை.

மறுநாள் ரீசார்ஜ் பண்ண டவுனுக்குப் போனபோது, மொபைல் கடை பிஜு போனைக் கையில் வாங்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். பிளே ஸ்டோரிலிருந்து இறக்குகிற ஆப்பை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் போன் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் சேச்சி, இப்படி வெளியிலிருந்து வந்ததை ஏற்றினால் காவலுக்கு ஏதாவது வேண்டும், பத்து நிமிஷம் உட்காருங்கள் எல்லாம் சுத்தம் செய்து தருகிறேன் என்றான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. வைரஸெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தானே வரும் என்று அவள் கேட்டாள். பேங்கில் அஞ்சு பைசா கிடையாது, இந்தப் போனில் திருட என்ன இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூடுபனி இறங்கியது. முதலில் எதிர்மலை போனது. அப்புறம் ஃபாக்டரிக் கூரை. அப்புறம் நாலு வரிசைக்கு அப்பால் நின்று கொழுந்து வெட்டுகிறவர்களும் போய், சரக் சரக் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஈரமண் வாசனையும் வெட்டின இலையின் பச்சை வாசனையும் மூக்கில் அப்பிக்கொண்டிருக்க, இடுப்பில் போன் மறுபடி சூடாகிறதா என்று ஒரு கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே அவள் வேலை செய்தாள். சூடாகத்தான் இருந்தது.

இரண்டே முக்காலுக்குப் பவுல்ராஜ் பனிக்குள்ளிருந்து மூச்சிரைக்க வந்தார். காலில் செருப்பில்லை. மருந்தடிக்கிற ஆட்கள் இரண்டு பேர் ஆறாம் நம்பரில் பெரியவர் முன்னால் போய் மாட்டிக்கொண்டார்களாம். அவர்களில் பெரியமுத்து ஓடும்போது பள்ளத்தில் விழுந்து கால் முறிந்து கிடக்கிறானாம். இதைச் சொல்லும்போது அவர் கத்தரீனாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வாய்ஸ் போட்டியே, அத நம்பித்தான் போனானுக. உன் புருசன் செத்த வழி. நீ எப்படி தாயி இப்படிச் சொல்லுவ?"

அவர் போனில் போட்டார். பனிக்குள் அவளுடைய குரல் கேட்டது.

"பவுல் அண்ணே, நான் கத்தரீனாள் பேசுதேன். பெரியவரு அந்தப் பக்கம் எறங்கிட்டாரு. ஆறாம் நம்பர் வழி கிளியர். பயப்படாம வாங்க."

பேச ஆரம்பிக்குமுன் நாக்கை மேலண்ணத்தில் லேசாகத் தட்டுகிற அவளுடைய பழக்கம்கூட அதில் இருந்தது. கத்தரீனாளுக்கு ஒரு கணம் தான்தான் சொல்லியிருக்கிறோமோ என்று தோன்றியது. புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்தாள். காலையிலிருந்து தன் பக்கத்திலேயே நிற்கிறாள், வாயைத் திறக்கவேயில்லை என்று ராமுத்தாய் கர்த்தர்மேல் ஆணையாகச் சொன்னாள். தான் இந்துக்காரி என்பதுகூட அப்போது அவளுக்கு ஞாபகமில்லை. வியாழக்கிழமை வந்த ஃபைலைக் கத்தரீனாள் கேட்டாள். பவுல்ராஜ் அவளை வெறித்துப் பார்த்தார். தான் அப்படி எதையும் அனுப்பவில்லை என்றார். தன்னுடைய போனில் தானும் அதை ஏற்றிக்கொண்டதாகவும், மற்றவர்கள் யாரோ அனுப்பியதாக நினைத்ததாகவும் சொன்னார். நின்றிருந்த எல்லோரும் அவரவர் போனைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு போனின் மூலையில் பச்சைப் புள்ளி எரிந்தது. அடுத்ததிலும் எரிந்தது.

ராமுத்தாயின் போனிலிருந்து பிஜுவைக் கூப்பிட்டார்கள். அந்த ஆப்பை எடுத்துவிடுங்கள் என்றான். தேடினார்கள்; அப்படியொன்று இருந்த அடையாளமே இல்லை. போனை அணையுங்கள் என்றான். கத்தரீனாள் அணைத்தாள். திரை கறுத்தது. சூடு இறங்கவில்லை. அவள் அருவருப்போடு அதைத் தூக்கி, மருந்து கலக்குகிற தண்ணீர் டிரம்மில் போட்டாள். குமிழிகள் நாலைந்து வந்து நின்றன. அப்பாடா என்று அவள் மூச்சுவிடும்போது, பிஜு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சேச்சி, எத்தர நாளாயிட்டு இதுல பேசிட்டிருக்கீங்க? கொரலைக் காப்பி எடுத்துட்டுப் போயிருச்சுன்னா, இனி போனைத் தூக்கிக் களஞ்சாலும் காரியமில்லை."

இரண்டு வருஷம். தினமும் சாயங்காலம் ஒரு தடவை. நிமி, வழி கிளியர், வா.

மணி மூன்றரை. நிமி காலேஜில் இருப்பாள். ராமுத்தாயின் போனில் நம்பர் அடிக்கப்போன விரல் நின்றுவிட்டது. பெற்ற பிள்ளையின் நம்பர் அவளுக்கு மனப்பாடம் இல்லை. அது அந்த டிரம்முக்குள் கிடந்தது. நல்லவேளையாக ராமுத்தாயிடம் இருந்தது. அடித்தார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று மலையாளத்தில் ஒரு பெண் சொன்னாள். மறுபடி அடித்தார்கள். மறுபடி அதே பெண். பஸ் மலையேறுகிற வளைவுகளில் ரேஞ்ச் இருக்காது. காலேஜ் விட்டிருக்கிறது. பிள்ளை பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது.

இருந்த ஒரே ஜீப்பில் பெரியமுத்துவை ஏற்றிக்கொண்டு பவுல்ராஜ் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. போகுமுன், கத்தரீனாளின் குரலை யாரும் நம்ப வேண்டாம் என்று குரூப்பில் சொன்னார். அடுத்த நிமிடமே அவருடைய குரலில், அது வைரஸ் பேசியது, கத்தரீனாள் சொன்னதுதான் நிஜம் என்று வந்தது. ராமுத்தாய் பதறிப்போய் ஒன்று போட்டாள். ராமுத்தாயின் குரலில் அதற்கு எதிராக ஒன்று வந்தது. ஆறாம் நம்பர் கிளியர் என்றார்கள். ஜீப் ரோடு கிளியர் என்றார்கள். இல்லை என்றார்கள். கங்காணி பேசினார், வனிதா பேசினாள், போன மாசம் ஊரைக் காலி செய்துகொண்டு தேனிக்குப் போய்விட்ட சோலை பேசினான். எல்லாம் பழகின குரல்கள். கொஞ்ச நேரத்தில் யாரும் யாரையும் கேட்காமல், போனைக் கீழே போட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாலு நாற்பதுக்கு ராமுத்தாயின் போனிலிருந்து அழைப்பு போனது. நிமி எடுத்தாள்.

"நிமி, அம்மா பேசுதேன். இது ராமுத்தாயக்கா போன். கடையிலயே இரு, யாரு கொரல் வந்தாலும் நம்பாத, நானே நேர்ல வாரேன்."

அந்தப் பக்கம் பஸ்ஸின் இரைச்சல். அப்புறம் மிக மெதுவாக, பக்கத்தில் யாருடைய காதிலும் விழக் கூடாது என்பதுபோல், நிமி பேசினாள்.

"நீ யாருன்னு எனக்குத் தெரியும். எங்க அம்மா இப்பத்தான் கூப்பிட்டுச் சொன்னாங்க. வேற நம்பர்ல இருந்து அவங்க கொரல்ல ஒண்ணு கூப்பிடும்னு. கடையில இருக்கச் சொல்லும்னு."

"நிமி, நான்தான்டி உன் அம்மா."

"இதையும் சொல்லும்னு சொன்னாங்க."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தபோது மணியே போகவில்லை. ராமுத்தாய் தன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தரீனாள் கொழுந்துச் சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் வேலை செய்த நாலாம் நம்பர் காட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஜீப் ரோட்டில் மூன்று கிலோமீட்டர். நாற்பத்தாறு வயது, மூட்டுவலி, ரப்பர் பூட்ஸ். முதல் வளைவிலேயே பூட்ஸைக் கழற்றி எறிந்தாள். ஜல்லி குத்தியது, தெரியவில்லை. மாதாவே மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக்கூடக் கேட்டுக் கற்றுக்கொள்ளுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். என் பிள்ளை புத்திசாலி, சொன்னபடி கேட்கிறவள், சொன்னபடி கேட்கிறாள் என்பதுதானே இப்போது வினை என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வெடித்தது. அழுதுகொண்டே ஓடினாள். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. பனி வெளிச்சத்தைத் தின்றுகொண்டே வந்தது. அஞ்சு மணிக்கே அந்திபோல் இருந்தது.

டீக்கடையில் ஏசுதாஸ் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் ஆளில்லை. நிமி எங்கே என்று அவள் கேட்டபோது அவர் துணியைக் கீழே போட்டுவிட்டார்.

நிமி இப்போதுதான், ஐந்து நிமிஷம்கூட ஆகாது, ஆறாம் நம்பர் வழியாகப் போனாள் என்றார். வேண்டாம் பிள்ளை என்று தான் தடுத்ததாகவும், அதற்கு அவள் போனை ஸ்பீக்கரில் வைத்துக் காட்டியதாகவும் சொன்னார். அவர் சொல்லச் சொல்லவே ஒவ்வொரு அடியாகக் கடைக்குள்ளே பின்வாங்கிப் போனார்.

"நீதான் பேசுன. வேலி பக்கத்துல நிக்கேன், அனுப்பி விடுங்கண்ணே, நான் பாத்துக்கிடுதேன்னு சொன்ன. மூட்டுவலி எப்படி இருக்கு தாயின்னு கேட்டேன். மழைக்கு ஜாஸ்தியா இருக்குண்ணேன்னு சொன்னியே."

கத்தரீனாள் அதற்கு மேல் நிற்கவில்லை. கூட வாருங்கள் என்று கெஞ்சத் திரும்பினாள். அவர் கடையின் பலகையை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார். பலகைச் சந்தில் தெரிந்த அவர் கண்ணில், அவள்தான் அவள் என்ற நம்பிக்கை இல்லை.

ஆறாம் நம்பர் வழி, தேயிலைக்கு நடுவே இறங்கிக் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரக்காட்டுக்குள் நுழையும். உயர உயரமாய் வெள்ளைத் தோல் உரிந்த மரங்கள். தைல வாசனை. இந்தக் காட்டுக்குள் ரேஞ்ச் கிடையாது. மூன்றாம் டிவிசனில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். பேசிக்கொண்டே நுழைந்தால் நாலாவது மரத்தில் பேச்சு அறுந்துபோகும். அது ஞாபகம் வந்ததும் கத்தரீனாளுக்கு உயிர் வந்தது. அறுந்திருக்கும். பிள்ளை நின்றிருப்பாள். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வந்துகொண்டிருப்பாள். அவளைக் கட்டிக்கொண்டு, திட்டித் தீர்த்து, இழுத்துக்கொண்டு போய்விடலாம்.

நாலாவது மரத்தைத் தாண்டினாள். பத்தாவது மரத்தையும் தாண்டினாள். யாரும் எதிரே வரவில்லை.

இலைகளிலிருந்து சொட்டுகிற தண்ணீர். எங்கேயோ ஓடை. அதற்கும் கீழே, நெஞ்சுக்குள் மட்டும் கேட்கிறமாதிரி, ஒரு மெல்லிய உறுமல். தைல வாசனைக்குள் இன்னொரு வாசனை வந்தது. மிதிபட்ட புல். புளித்த சாணம். வழியின் நடுவில் கூடை அளவுக்கு லத்தி கிடந்தது. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

பெரியவர் பக்கத்தில் நிற்கிறார்.

இங்கே கத்தக் கூடாது. ஓடக் கூடாது. மூச்சைக்கூடச் சத்தமாக விடக் கூடாது. இன்னாசிராஜ் கத்தினார் என்று சொன்னார்கள்.

அவள் நடந்தாள். மரத்துக்கு மரம் ஒதுங்கி நடந்தாள். அப்போது முன்னாலிருந்து பேச்சுக்குரல் வந்தது. நிமியின் குரல். சிரித்துப் பேசிக்கொண்டு போகிறாள். இன்டர்னல் மார்க் வந்துவிட்டதைச் சொல்கிறாள். ம், ம் என்று கேட்டுக்கொண்டு அவளோடு இன்னொரு குரல் போகிறது.

பனியில் நீலக் குடை தெரிந்தது. இருபது அடி. கத்தரீனாள் முடிந்த மட்டும் மெல்ல, உதட்டாலேயே கூப்பிட்டாள்.

"நிமி."

குடை நின்றது. பிள்ளையின் தோள் இறுகுவது தெரிந்தது. திரும்பவில்லை.

"பின்னால வந்துட்டுதும்மா," என்றாள் நிமி. குரல் நடுங்கியது.

"தெரியும். திரும்பிப் பாக்காத. என்ன மாதிரியேதான் இருக்கும். அழும். நம்பாத," என்றது கூடப் போன குரல்.

கத்தரீனாள் அழுதுகொண்டுதான் இருந்தாள். கண்ணைத் துடைத்தாள். துடைத்துவிட்டால் போதும் என்பதுபோல் இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தாள். ஒரு அடி வைத்தாள். காலடியில் ஒரு சுள்ளி முறிந்தது. நிமி வீறிட்டாள். கையிலிருந்து ஏதோ நழுவி விழுந்தது. அவள் ஓட ஆரம்பித்தாள்.

விழுந்தது போன். கத்தரீனாள் அதன்மேலேயே போய் விழுந்தாள். ஈரச் சருகில் மல்லாந்து கிடந்தது, திரை எரிந்துகொண்டிருந்தது. சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அழைப்பும் இல்லை. அம்மா என்ற பேருக்கு நேரே, அழைப்பு அறுந்த நேரம் இருந்தது. ஐந்து ஆறு. இப்போது ஐந்து பதினேழு.

போன் அவள் கையில் இருந்தது. நிமியிடம் எதுவும் இல்லை.

முன்னால் அந்தக் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"மெதுவா வா. வழுக்கும்."

பனி விலகியது. ஒரு நிமிடம்தான். நிமி ஓடிப்போய் நின்றிருந்த இடத்துக்கு எதிரே நாலு மரங்கள் தெரிந்தன. அவை மரங்கள் அல்ல. மேலே, வெகு மேலே, முறம்போல ஒரு காது அசைந்தது. வால் ஆடவில்லை, தும்பிக்கை சுழலவில்லை. பெரியவர் அசையாமல் நின்றார். காதை விரித்துக்கொண்டு, அவரும் கேட்டுக்கொண்டு நின்றார்.

அந்தக் கால்களுக்கு நடுவே இருட்டு. இருட்டுக்குள் ஆளில்லை. அங்கேயிருந்துதான் குரல் வந்தது.

"வா பொடிசு. அம்மா இங்கதான் நிக்கேன்."

பொடிசு. காலையில் அடுப்பங்கரையில் தலைபின்னிவிடும்போது மட்டும் சொல்கிற பேர். போனில் ஒருநாளும் சொன்னதில்லை.

கத்தினால் பெரியவர் மிரளுவார். கத்தாவிட்டால் பிள்ளை போய்விடும். கத்தரீனாள் கத்தினாள். உயிர் முழுவதையும் திரட்டிக் கத்தினாள். வாய் கிழிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் காதில் மழை மட்டும் விழுந்தது. இன்னொரு தடவை. தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை. ஒரு சத்தமும் வரவில்லை.

"நனையாத பிள்ள," என்றது அவளுடைய குரல், நிதானமாக, அன்பாக. "உள்ள வா."

நிமி குடையை மடக்கினாள். தண்ணீரை உதறினாள். வீட்டு நிலைப்படிக்குக் குனிவதுபோல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.